இரண்டாவது சாட்சி

கேள்வி ஒரே வரி.
மஞ்சள் தாளில், குழுத் தலைவர் ஓக்லியின் சாய்ந்த கையெழுத்து:
"இது தேசத்துரோகம் ஆகுமா, ஆகாதா?
வெள்ளிக்கிழமைக்குள்."

செவ்வாய் இரவு. வாஷிங்டனில் குளிர் மழை.
நிலத்தடி அறையில் ஹீட்டர் முனகுகிறது.
மேசைமேல் நான்கு பெட்டிகள்.
செனட்டரின் மருமகனுக்கு
அயல்நாட்டு வங்கி கொடுத்த கடன்
(அந்த வட்டிக்கு எனக்கு யாரும் வீடு தர மாட்டார்கள்),
பிறந்தநாளுக்கு வந்த கைக்கடிகாரம்,
பதினொரு நிமிடத் தொலைபேசி அழைப்பு,
அதற்கு மூன்றாம் நாள்
அவர் மாற்றிப் போட்ட ஓட்டு.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறான்
என் மைத்துனன் டுவெய்ன்.
போன வாரம் விருந்தில்
வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்தவன்
கத்தியோடு என் பக்கம் திரும்பி,
"இதுக்கு வேற பேரு இருக்கா?
இருந்தா சொல்லு, வக்கீலம்மா."

பழைய புத்தகத்தை எடுத்தேன்.
இங்கிலாந்தில் ஒரு காலம்,
அரசன் சாவதாக மனத்தில் நினைத்தாலே
தலை போகும்.
நினைத்ததை யார் பார்த்தார்?
அரசன் பார்த்தான்.
அந்தக் கோடரியின் கதை கேட்டு வளர்ந்தவர்கள்தாம்
இங்கே உட்கார்ந்து
இந்த ஒரு குற்றத்துக்கு மட்டும்
வாசலை இவ்வளவு குறுக்கிக் கட்டினார்கள்.

நாட்டின்மேல் போர் தொடுத்திருக்க வேண்டும்.
அல்லது பகைவரோடு சேர்ந்து
உதவியும் ஆறுதலும் தந்திருக்க வேண்டும்.
பகைவர் என்றால்
நம்மோடு வெளிப்படையாகப் போரில் இருப்பவர்.
நமக்குப் பிடிக்காதவர் அல்லர்.
நம்மைப் பிடிக்காதவரும் அல்லர்.

அந்த நாட்டோடு நமக்குப் போர் இல்லை.
கோதுமை விற்கிறோம்.
வசந்தத்தில் அவர்களுடைய தூதர்
நம் செர்ரி மரத்தடியில் நின்று
படம் எடுத்துக்கொள்கிறார்.
போர் இல்லையேல் பகைவர் இல்லை.
பகைவர் இல்லாததால்
துரோகம் என்ற சொல்
உட்கார நாற்காலியின்றி
என் அறையில் நிற்கிறது,
நனைந்த கோட்டோடு.

சரி, போர் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம்.
(நள்ளிரவு தாண்டினால் இப்படியெல்லாம் வைத்துக்கொள்ளத் தோன்றும்.)
அப்போதும் சட்டம் கேட்கும்:
ஒரே செயலுக்கு இரண்டு சாட்சிகள்.

ஜனவரியில் நடந்த வேட்டை.
மலைக் குடில், முழங்கால் பனி.
செனட்டரும் அந்த நாட்டு அமைச்சரும்
தோளோடு தோள் உரச நடந்த இருபது நிமிடம்.
நடுவில் மொழிபெயர்ப்பாளர் ப்ரிஸ்கா லேன்.
குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி
அடுப்பில் போட்டார்கள் என்கிறாள்.
வாக்குமூலத்தில் ஓர் இடத்தில்
"நான் சொல்லைத்தான் மாற்றினேன், பொருளை அல்ல" என்று
யாரும் கேட்காமலே சொல்கிறாள்.
அவள் ஒரு சாட்சி.
இன்னொன்று இருந்தது.
பைன் மரங்களுக்கு இடையில்,
காதை நிமிர்த்திக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டபடி.
அதைச் சுட்டுவிட்டார்கள்.
நான்காம் பெட்டியில் படம் இருக்கிறது.
இரண்டு பேர் சிரிக்கிறார்கள்,
கொம்பைப் பிடித்துக்கொண்டு.

வெள்ளி காலை எழுதிக் கொடுத்தேன்: ஆகாது.

ஓக்லி கண்ணாடியைக் கழற்றினார்.
"ஆகலாம் என்று போடக் கூடாதா?
ஓர் எழுத்துதானே கூட."

அந்த ஓர் எழுத்தில்தான் ஐயா
எத்தனையோ பேர் தலை போயிருக்கிறது.
நாளை உங்கள் பெயருக்குப் பக்கத்தில்
வேறொருவர் அதைக் கூட்டுவார்.

இதை நான் சொல்லவில்லை.
இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.
லஞ்சம். பொய்க் கணக்கு.
அயலாருக்கு முகவராக இருந்தும்
பதிவு செய்யாமை.
சின்னப் பெயர்கள்.
தொலைக்காட்சியில் எடுபடாது என்றார்.
உண்மைதான். எடுபடாது.

மூன்றாம் பக்கத்தில்
"சட்டத்தில் பெயரில்லாத ஒன்றை
இவர் செய்திருக்கிறார்" என்று எழுதி
விடியுமுன் அழித்துவிட்டேன்.
அது கருத்து.
கருத்துக்கு எனக்குச் சம்பளம் இல்லை.

படியேறி வெளியே வந்தபோது
டுவெய்னின் செய்தி:
"என்ன ஆச்சு? தூக்கா?"

மழை விடவில்லை.
பேருந்து நிறுத்தத்தில் நின்று
வெகுநேரம் யோசித்து, பதில் அனுப்பினேன்:
வான்கோழி மிச்சம் இருக்கா?